நடக்கிற வேலி

கூட்டத்தில் இருந்தவர்கள்:

திருமூர்த்தி, பசுமைக் குழுத் தலைவர்.
அருள்குமார், அவருடைய மகன், உறுப்பினர்.
மதன்குமார், ஊராட்சிச் செயலர்.
முத்தாத்தாள், மகளிர் குழுத் தலைவி.
பழனியாத்தாள், கூலித் தொழிலாளர் சார்பில் உறுப்பினர்.
கருப்புசாமி, கன்றுகளுக்குக் காவலர்.

தீர்மானப் புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. முதல் ஐந்து பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், ஆறாவது ஆள் நின்றார் என்பதைப் புத்தகம் சொல்லாது. சமுதாயக் கூடத்தின் சன்னலுக்கு வெளியே ஏழாவதாக ஒருத்தி நின்றதையும் சொல்லாது. அவள் மதிவதனி, கருப்புசாமியின் மகள். பீளமேட்டில் இரவு ஷிப்டை முடித்துவிட்டு இரண்டு பஸ் மாறி வந்து இறங்கியவள், வீட்டுக்குக்கூடப் போகாமல் பையும் தோளுமாக அங்கே நின்றாள்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் வேலாங்காட்டுப்புதூர் மேய்க்கால் நிலம் எரிந்திருந்தது. ஊர் மாடுகள் மேய்வதற்கென்று அந்தக் காலத்திலேயே விட்ட அரசாங்க நிலம். அதைப் பசுமையாக்க அரசு கொடுத்த மூவாயிரம் கன்றுகளில் வேம்பு, வெள்வேல், ஊஞ்சை எல்லாம் இடுப்பளவு வந்திருந்தன. கருப்புசாமி இரண்டு கோடை முழுக்கக் குட்டையிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியவர். எந்த வரிசையில் எத்தனையாவது கன்று சவலை என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எல்லாம் ஒரு மத்தியானத்தில் கருகிப் போனது.

"பீடி கீடி குடிச்சுப் போட்டுட்டு வந்துட்டியா கருப்பா? இருந்தாச் சொல்லிப்போடு. நாம என்ன போலீஸா?" என்றார் திருமூர்த்தி. அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. ஆளை மிதிக்கும்போதுகூட அவர் குரலில் வெல்லம் இருக்கும்.

"நான் பீடி குடிக்கறதில்லீங்க ஐயா."

"குடிக்கறதில்லையாமா?" திருமூர்த்தி சுற்றிலும் பார்த்தார். "ஏனுங்க, யாருக்காச்சும் தெரியுமுங்களா?"

எல்லோருக்கும் தெரியும். கருப்புசாமி வெற்றிலை போடுகிறவர். இடுப்பில் சுருக்குப்பை இல்லாமல் அவரை ஊரில் ஒரு ஆள் பார்த்திருக்க முடியாது. மதன்குமார் பேனாவை மூடித் திறந்தார். முத்தாத்தாள் முந்தானை நூலைப் பிரித்தாள். அருள்குமார் கைப்பேசியில் எதையோ பார்த்தான்.

"பழனியாத்தா, நீ சொல்லு. உன்ற தம்பிதானே? குடிப்பானா மாட்டானா?"

பழனியாத்தாள் கருப்புசாமியின் கூடப் பிறந்த அக்கா. திருமூர்த்தியின் கட்டுத்தரையில் மாடு பார்ப்பவள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நா பாக்கலீங்க."

அந்த இரண்டு வார்த்தை போதுமானதாக இருந்தது. காவலரின் கவனக்குறைவால் தீப்பிடித்தது என்று மதன்குமார் எழுதினார். கருப்புசாமி கையெழுத்துப் போட்டார். திருமூர்த்தி பெரிய மனது பண்ணி, போலீசுக்குப் போகவில்லை. "புள்ளகுட்டிக்காரன், போச்சாது போ" என்றார். காவல் வேலை மட்டும் போனது. அடுத்த மாதத்திலிருந்து ஊரில் ஒருவரும் கருப்புசாமியைக் கூலிக்குக் கூப்பிடவில்லை. காடு கொளுத்தியவனை எவன் தோட்டத்துக்குள் விடுவான்? அவர் சோமனூருக்குப் போய் ஒரு தறிப்பட்டறையில் நூல் சுற்றும் வேலைக்குச் சேர்ந்தார். பட்டறையிலேயே படுத்துக்கொண்டார். மாதம் ஒரு ஞாயிறு வருவார், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார். ஊருக்குள் நடந்து வராமல் குட்டை வழியாகச் சுற்றி வருவார்.

மதிவதனியும் பீளமேட்டு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். எவனோ வெளிநாட்டுக் கம்பெனிக்காக வரைபடங்களில் கோடு போடுகிற வேலை அது. வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து வீடு எது, சாலை எது, வயல் எது என்று மூலை மூலையாகப் புள்ளி வைத்து அடைக்க வேண்டும். நான்கு வருடம் இரவெல்லாம் ஊர் பேர் தெரியாத மனிதர்களின் நிலத்துக்கு வரப்பு போட்டிருக்கிறாள். ஒரு நாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கம்பெனியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள், அவள் எடுக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து மேய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத்தான் வேலி நடப்பது தெரிந்தது.

அந்தப் பக்கத்தில் காடு தோட்டத்துக்குக் கம்பி வேலி கிடையாது, கல் சுவரும் கிடையாது. கிளுவைதான். மழைக்கு முன்னால் கிளுவைக் கொம்பை வெட்டி நெருக்கமாக நட்டால் வேர் பிடித்து முள்ளும் தழையுமாக வேலி ஆகிவிடும். வருடத்துக்கு நாலு கொம்பு பட்டுப்போகும், அந்த இடத்தில் புதுசு நட வேண்டும். மேய்க்காலின் தெற்கு ஓரம் திருமூர்த்தியின் தென்னந்தோப்பு. அவர் அப்பா காலத்திலிருந்தே பட்டுப்போன கொம்புக்குப் பதில் புதுக் கொம்பை அதே குழியில் நடமாட்டார்கள். ஒரு முழம் தள்ளி, மேய்க்கால் பக்கமாக நடுவார்கள். வருடத்துக்கு ஒரு முழம். யாருக்கும் கண்ணில் படாது. நாற்பது வருடம் கழித்துப் பார்த்தால் ஊர் நிலத்தில் பாளை விட்டுத் தென்னை நிற்கும்.

தீப்பிடித்த வருடம் வேலி ஒரு முழம் நகரவில்லை. காலால் அளந்தால் நாற்பது எட்டு, ஒரே தாவாகத் தாவியது. கருகிய கன்றுகள் நின்ற இடத்துக்கு நடுவே புதுக் கிளுவை வரிசை முளைத்தது. வேலிக்கு அந்தப் பக்கம், திருமூர்த்தி வளைத்த இடத்தில், ஆறு மாதத்தில் தோட்டத்து வீடு ஒன்று எழுந்தது. டைல்ஸ் போட்ட கூடம், முன்னால் கார் நிற்க இடம், பின்னால் மாட்டுக்குக் கொட்டகை, அதை ஒட்டிப் பழனியாத்தாளுக்கு ஒரு அறை.

தீயை யார் வைத்தது என்று மதிவதனி யாரையும் கேட்கவில்லை. கன்றுகள் நின்றிருந்தால் வேலி தாவியிருக்க முடியாது. அது தெரிந்த பிறகு வேறு எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

இரண்டு வருடம் போனது. அரசு புதிதாக ஒரு திட்டம் கொண்டுவந்தது. மரம் வைத்தது போதும், மேய்ச்சல் நிலத்தைப் புல்லாகவே மீட்க வேண்டும் என்றார்கள். கொழுக்கட்டைப் புல் விதைக்க வேண்டும், இடையிடையே வெள்வேல் வைக்க வேண்டும், முறைவைத்து மாடு மேய்க்க வேண்டும், சுற்றியுள்ள விவசாயிகளுக்கு இயற்கை உரத்துக்கு உதவி. நன்றாகச் செய்கிற ஊருக்கு விருது, விருது வாங்குகிற குழுத் தலைவருக்கு மேடை. வருகிற தேர்தலில் அருள்குமாரை ஊராட்சித் தலைவருக்கு நிறுத்தத் திருமூர்த்தி யோசித்துக்கொண்டிருந்தார். அவருக்கு மேடை வேண்டும்.

திட்டத்துக்குக் கைப்பேசியில் பதிவு செய்யத் தெரிந்த களப்பணியாளர் ஒருவர் வேண்டியிருந்தது. மதிவதனி விண்ணப்பம் போட்டாள். மதன்குமார் அதைத் திருமூர்த்தியிடம் எடுத்துக்கொண்டு போனபோது அவர் சிரித்தாராம். மறுநாள் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வா கண்ணு. உங்கப்பன் சௌக்கியமா?"

"இருக்காருங்க."

"பழசெல்லாம் நான் மனசுல வெச்சுக்கறதில்ல அம்மணி. அவன் ஏதோ தெரியாமப் பண்ணிப்போட்டான். நீ படிச்ச புள்ள. நம்மூருக்குச் செய்யி."

"சரீங்க தலைவரே."

அவர் மனைவி காப்பி கொண்டு வந்தாள். அவருக்கு எவர்சில்வர் டம்ளரில், மதிவதனிக்குக் காகிதக் கப்பில். மதிவதனி குடித்துவிட்டுக் கப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்து வழியில் சாக்கடையில் போட்டாள்.

முதல் வேலை நிலத்தை அளப்பது. கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு எல்லையைச் சுற்றி நடக்க வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் நின்று, அந்த மூலையோடு குழுத் தலைவரும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்க வேண்டும். கடைசியில் தொடங்கிய இடத்துக்கே வந்தால் கோடு மூடிக்கொண்டு, நிலம் எவ்வளவு என்று சொல்லிவிடும். ஒரு காலை நேரத்தில் அவளும் திருமூர்த்தியும் மதன்குமாரும் கிளுவை வேலியை ஒட்டியே ஒரு சுற்று வந்தார்கள். திரையில் எட்டு ஏக்கர் எண்பது சென்ட் என்று வந்தது.

"சரியாப் பாரு அம்மணி. மேய்க்கால் பதிமூணு ஏக்கராவாச்சே?"

"ரெக்கார்டுல பதிமூணுங்க. நடந்தா எட்டே முக்காச் சொச்சந்தானுங்க வருது."

"அஞ்சு எக்டேருக்குக் கம்மியா இருந்தாத் திட்டத்துல எடுத்துக்க மாட்டாங்களேங்க" என்றார் மதன்குமார். "பன்னெண்டரை ஏக்கராவாச்சும் வேணும். பக்கத்து ஊருக்குப் போயிரும்."

பக்கத்து ஊர்க் குழுத் தலைவர் திருமூர்த்தியின் பங்காளி. பதினொரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. திருமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டார். பொழுது ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில் சென்னிமலை வெயிலில் மங்கலாகத் தெரிந்தது.

"ஏதாச்சும் பண்ண முடியாதா கண்ணு? நீதான் இதுல கெட்டிக்காரியாச்சே."

மதிவதனி கைப்பேசியைத் துடைத்தாள். இந்தக் கேள்விக்காக அவள் இருபத்தாறு மாதம் காத்திருந்தாள். அவசரப்படவில்லை.

"மிசினுக்கு வேலி தெரியாதுங்க தலைவரே. நாம நடக்கற பக்கமெல்லாம் கோடு போடும். அவ்வளவுதானுங்க."

மதன்குமார் அவளைப் பார்த்தார். திருமூர்த்தி வேலியைப் பார்த்தார். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் தன் தோப்பைப் பார்த்தார்.

"அப்ப உள்ள போயிச் சுத்திட்டு வந்தா?"

"பதிமூணு வருமுங்க."

"தலைவரே, அது..." என்று இழுத்தார் மதன்குமார்.

"அட என்னய்யா, பேப்பர்தானே? எத்தன பேப்பர் பாத்தாச்சு. பரண்ல போட்டு எலி திங்கப்போகுது." திருமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டினார். "வா அம்மணி."

அது வெறும் பேப்பர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். மேட்டுப்பாளையத்தில் நடந்த பயிற்சியில் ஒரு நில அளவைக்காரர் சொல்லியிருந்தார். இந்தக் கோடு ஒப்புதல் ஆனதும் வருவாய்த் துறையின் வரைபடத்தின் மேல் அப்படியே போய் உட்கார்ந்துகொள்ளும், இரண்டும் பொருந்தினால் அந்த நிலத்தில் இருப்பதெல்லாம் ஆக்கிரமிப்புப் பட்டியலுக்குத் தானாகப் போய்விடும் என்று. அறையில் இருந்த நாற்பது பேரில் முப்பது பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மதிவதனி எழுதிக்கொண்டாள். அவள் இதைத் திருமூர்த்தியிடம் மறைத்தாள் என்று சொல்ல முடியாது. அவர் கேட்கவில்லை. அவள் சொல்லவில்லை.

அவள் எதிர்பார்க்காத ஒன்றும் அன்று நடந்தது. உத்தேசமாக உள்ளே ஒரு சுற்று வந்தால் போதும் என்று அவள் நினைத்திருந்தாள். வருவாய்த் துறைக் கோட்டோடு பத்திருபது அடி வித்தியாசம் வந்தால் அவர் பிழை என்று சொல்லித் தப்பிக்க வழியுண்டு. அந்த ஒரு ஓட்டை அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. திருமூர்த்தி அதையும் அடைத்தார்.

"பழைய கல்லு எங்க இருக்குதுன்னு இந்த ஊர்ல எனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றார். குரலில் ஒரு பெருமை. தென்னை மரங்களுக்குள் பத்து எட்டு போனார், இடப்பக்கம் திரும்பினார், காய்ந்த மட்டையைக் காலால் தள்ளினார். "மம்பட்டிய எடுத்துட்டு வா மதனு."

மதன்குமார் வெட்டினார். ஒரு சாண் ஆழத்தில் கல் தட்டியது. வெள்ளைக்காரன் காலத்து எல்லைக்கல், தலையில் அம்புக்குறி.

"எங்கப்பன் மூடி வெச்சது. நான் பள்ளிக்கூடம் போற பையன், கூட இருந்தேன். பிடுங்கிப் போட்டா சர்க்கார் குத்தம்னு, மண்ணப் போட்டு மூடிப்போட்டாரு. மூளக்காரன்." அவர் கல்லின் மேல் ஒரு காலை வைத்து நின்றார். "எடு கண்ணு போட்டோ."

மதிவதனி எடுத்தாள். நான்கு கல், நான்கு படம். ஒவ்வொன்றிலும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கல் புதுத் தோட்டத்து வீட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகைச் சுவரை ஒட்டி இருந்தது. அங்கே சாணி வாரிக்கொண்டிருந்த பழனியாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னுங்க ஐயா, இங்க வந்து தோண்டறீங்க?"

"விருது வாங்கறதுக்கு ஆத்தா, நீயும் வாரியா, போட்டோவுல நில்லு" என்று சிரித்தார் திருமூர்த்தி. பழனியாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினாள். மதிவதனியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மதிவதனியும் அத்தை என்று கூப்பிடவில்லை. அத்தை படுக்கிற அறை கோட்டுக்கு உள்ளே விழுவதை அவள் திரையில் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த மூலைக்கு நடந்தாள்.

கோடு மூடியது. பதிமூன்று ஏக்கர் நான்கு சென்ட். தலைவரின் உறுதிமொழிக்கு அவர் பெருவிரலைத் திரையில் வைத்து அழுத்தினார்.

திட்டம் வந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த எட்டே முக்கால் ஏக்கரில் புல் விதைத்தார்கள். ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. தை மாதம் பார்த்தபோது முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப் புல் கதிர் விட்டு நின்றது. காடைகள் வந்தன. மயிலை மாடுகள் பாதி புல்லுக்குள் மறைந்து மேய்ந்தன. வருகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மதிவதனி தினமும் அதன் நடுவே நடந்தாள், பதிவு செய்தாள், படம் எடுத்தாள். ஆனால் அந்தப் புல் அழகாக இருக்கிறதா இல்லையா என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஒப்புதல் எப்போது வரும் என்று மட்டும் கைப்பேசியில் காலையும் மாலையும் பார்த்தாள்.

வந்தது. அடுத்த மாதமே ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லித் திருமூர்த்திக்கு நோட்டீசும் வந்தது.

புதிதாக வந்திருந்த வனச்சரகர் தேஜா ஆய்வுக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும், வெடுக்கென்று பேசுகிறவள், உண்மையிலேயே புல்லை நேசிக்கிறவள். கூட சர்வேயர். சமுதாயக் கூடத்தில் மேசை போட்டு வரைபடத்தை விரித்தார்கள். நீலக்கோடு வருவாய்த் துறையுடையது, சிவப்புக்கோடு திருமூர்த்தி நடந்தது. ஒன்றின் மேல் ஒன்று, மயிரிழை விலகவில்லை.

"இவ்வளவு சுத்தமா யாரும் எடுத்து நான் பார்த்ததில்ல" என்றார் சர்வேயர். "கல்லையே தோண்டி எடுத்திருக்காங்க."

திருமூர்த்தியின் முகம் வேர்த்திருந்தது. "மேடம், அது ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. சிக்னல் கெடைக்காம மிசின் எங்கியோ கோடு போட்டுருச்சுங்க. நாலு ஏக்கரா எங்க பூர்வீகத் தோப்புங்க. வீடு இருக்குதுங்க."

தேஜா நான்கு படங்களையும் மேசையில் வைத்தாள். கல்லின் மேல் கால் வைத்துச் சிரிக்கிற திருமூர்த்தி. நான்கு திருமூர்த்தி.

"இதுவும் சிக்னல் எடுத்த போட்டோவா சார்?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் மதிவதனியின் பக்கம் திரும்பினாள்.

"கோடு போட்டது நீங்கதானே? தப்பா விழுந்திருந்தா இப்ப சொல்லுங்க. மறு அளவைக்கு எழுதிடறேன். நீங்க எழுதிக் கொடுத்தாத்தான் முடியும். அது முடிய மூணு நாலு வருஷம் ஆகும், அதுவரைக்கும் யாரும் கை வைக்க மாட்டாங்க."

கூடத்தில் மதன்குமார் இருந்தார், பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். முத்தாத்தாள் இருந்தாள். அருள்குமார் இந்த முறை கைப்பேசியைப் பார்க்கவில்லை, மதிவதனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். திருமூர்த்தி நாற்காலியை விட்டு எழுந்திருந்தார்.

"சொல்லு கண்ணு" என்றார். அதே வெல்லக் குரல், கொஞ்சம் தண்ணீர் கலந்து. "அன்னைக்கு மிசின் மக்கர் பண்ணுச்சில்ல? நீயே சொன்னியே."

மதிவதனி எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டாள். ஒரு ஆளை நிற்க வைத்துக்கொண்டு மற்றவர்கள் பேசாமல் இருப்பது எவ்வளவு நீளமான நேரம் என்று அவளுக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியட்டும்.

"மக்கர் பண்ணலீங்க மேடம். தலைவர்தான் கல்லக் காட்டினாருங்க. அவருக்கு எல்லாம் தெரியுமுங்க."

திருமூர்த்தி உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் அவர் மதிவதனியின் வீட்டு வாசலுக்கே வந்தார். அந்தத் தெருவுக்குள் அவர் கார் வந்தது அதுதான் முதல் தடவை. அக்கம்பக்கம் எல்லாம் எட்டிப் பார்த்தது. அவர் உள்ளே வரவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

"ஏன் அம்மணி? உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணுனேன்? வேலை போட்டுக் குடுத்தேன்."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் முகத்தில் ஏதோ தெளிந்தது.

"அந்தக் காடு எரிஞ்ச விசயமா? அதுக்கா?" அவர் குரலில் ஆச்சரியம்தான் இருந்தது, பயம் இல்லை. "அட, அதுல அவன ஒண்ணும் பண்ணலியே. போச்சாதுன்னு உட்டுப்போட்டேனே. அதுக்குப் போயி ஒருத்தன் ஊட்ட இடிப்பாங்களா?"

அவள் மூன்று வருடமாக அவரிடம் சொல்ல ஒரு பேச்சை மனதில் எழுதி எழுதி வைத்திருந்தாள். நல்ல பேச்சு. அதில் ஒரு வரிகூட இப்போது தேவைப்படவில்லை. இந்த ஆளுக்கு அது ஒரு சம்பவமே இல்லை.

"பொழுதாச்சுங்க. கிளம்புங்க" என்றாள்.

அவர் கோர்ட்டுக்குப் போனார். வக்கீல் படங்களைப் பார்த்துவிட்டு, கட்டணத்தைச் சொல்லாமலே கேஸ் நிற்காது என்று சொன்னாராம். இருந்தாலும் போட்டார், நிற்கவில்லை. விருது பக்கத்து ஊருக்குப் போனது. வைகாசியில் ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தாசில்தார் வண்டியும் போலீஸ் வண்டியும் இரண்டு பொக்லைனும் வந்து நின்றன.

திட்டத்தின் களப்பணியாளர் என்ற முறையில் மதிவதனியும் இருக்க வேண்டும். இருந்தாள். முதலில் வேலியைப் பிடுங்கினார்கள். நாற்பது எட்டு தாவிய கிளுவை, வேரோடு வந்தது. அதன் பிறகு தென்னை. அருள்குமார் வண்டிக்கு முன்னால் போய் நின்றான், இரண்டு போலீஸ்காரர்கள் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். திருமூர்த்தி மரம் சாய்வதைப் பார்க்காமல் காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டை அன்று இடிக்கவில்லை. சாமான்களை எடுக்கச் சொல்லிவிட்டுப் பூட்டிச் சீல் வைப்பது என்று உத்தரவு. சோபா, டிவி, கட்டில் எல்லாம் வேனில் ஏறின. மாடுகளை முந்தின நாளே ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். கிராம உதவியாளர் பூட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கதவாகப் போய் எட்டிப் பார்த்தார்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா?" என்று தாசில்தார் கேட்டார்.

யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. மாட்டை நினைவாக ஓட்டிக்கொண்டு போனவர்கள் மாடு பார்த்தவளை மறந்துவிட்டார்கள்.

"பின்னால ஒரு ரூம் இருக்குதுங்க. ஒரு ஆள் இருக்குதுங்க" என்றாள் மதிவதனி. "நான் கூட்டிட்டு வாரேனுங்க."

பழனியாத்தாள் பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு துணி மூட்டை, ஒரு தூக்குப்போசி, முருகன் படம் ஒன்று. கட்டிவைத்து நேரமாகியிருக்க வேண்டும். மதிவதனியைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வந்துட்டியா?"

"எந்திரீங்க. பூட்டணுமாமா."

"நீதான் பண்ணுனியாமா. மதனு சொன்னான்."

"ஆமாங்க."

"எனக்குமா சேத்து?"

மதிவதனி வாசலை விட்டு உள்ளே வரவில்லை. அறையில் சாணி வாடையும் விபூதி வாடையும் கலந்து அடித்தது. ஒரு ஆள் படுக்கலாம், இன்னொரு ஆள் உட்காரலாம், அவ்வளவு இடம்.

"உங்களுக்கும் சேத்துத்தானுங்க அத்தை."

கிழவி தலையை ஆட்டினாள். அழவில்லை. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் அழுகை சீக்கிரம் வராது.

"அன்னைக்கு நா வாயத் தொறந்திருந்தா, மக்யா நாளு எனக்கு ஆரு சோறு போட்டிருப்பா? நீ போட்டிருப்பியா?"

மதிவதனி யோசித்துப் பார்த்தாள். அந்த வருடம் அவள் பீளமேட்டில் இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து பகலெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்தது மூன்று வயிறு, ஒரு சம்பளம். அத்தையும் வந்திருந்தால் அம்மா முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். அவளே முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள்.

"தெரியலீங்க" என்றாள்.

"தெரியாதில்ல" என்றாள் பழனியாத்தாள். கையை ஊன்றி எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். மதிவதனி கை கொடுக்கவில்லை. மூட்டையையும் எடுக்கவில்லை.

"இப்ப நா எங்கடி போறது?"

"எங்கப்பன் எங்க போனாரோ அங்க போங்க. ஒண்ணேமுக்காலுக்குச் சோமனூருக்குப் பஸ் இருக்குது."

"அவன் மூஞ்சியில நா எப்படி முழிப்பேன்?"

"அது உங்க பாடுங்க."

பழனியாத்தாள் அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். மூட்டையைத் தலையில் வைத்தாள், போசியை ஒரு கையில் மாட்டினாள், படத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். வாசற்படி உயரம். ஒரு காலை முதலில் வெளியே வைத்து, நின்று, மறு காலை இழுத்துக்கொண்டாள். வெளியே வெயிலில் கண் கூசி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கொட்டகை ஓரம் நின்றாள்.

கிராம உதவியாளர் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பாய் அப்படியே கிடந்தது.

"பாய எடுக்கலீங்களா ஆத்தா?"

கிழவி திரும்பவில்லை. அவர் மதிவதனியைப் பார்த்தார். மதிவதனி தலையை அசைத்தாள். அவர் கதவை இழுத்துச் சாத்தி, நாதாங்கியைப் போட்டு, பழனியாத்தாளின் முதுகுக்குப் பின்னால் பூட்டினார்.